அறுபதடி ரோட்டில் சைக்கிள் பாதை: நலச்சங்கம் என்ன கேட்கலாம்?

கேள்வி: நாங்கள் இருப்பது சென்னையின் தெற்குப் புறநகர். எங்கள் பகுதியில் பஸ் ஓடும் அறுபதடி ரோடு ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு ஓரத்திலும் சைக்கிள் பாதை போடப்போவதாகச் சொல்லி, குடியிருப்போர் நலச்சங்கத்திடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் ரோட்டோரமாக 1.5 மீட்டருக்கு ஒரு பச்சைப் பட்டை, அதையொட்டித் தடுப்புக் கம்பங்கள், அவ்வளவுதான். என் மகள் இந்த வழியாகத்தான் பள்ளிக்கு சைக்கிளில் போகிறாள். "கடைசியில் பைக்காரர்கள்தான் அதில் போவார்கள், வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள் சங்கத்தில் பாதிப் பேர். நாங்கள் என்ன பதில் எழுதுவது?

பதில்: அந்தப் பாதிப் பேர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்காக "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வரைபடத்துக்குச் "சரி" என்றும் எழுதாதீர்கள். ரோட்டின் மேலேயே பெயின்ட் அடித்துக் கம்பம் நடுவதுதான் இருப்பதிலேயே மலிவான முறை. சில மாதத்தில் கம்பம் பாதி சாய்ந்திருக்கும், மீதி இடத்தில் கார் நிற்கும். நீங்கள் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: 2 மீட்டர் அகலம், ரோட்டைவிடக் கொஞ்சம் உயரம், தெருமுனை வந்தாலும் அந்த உயரம் இறங்காமல் இருப்பது. மூன்றிலும் கடைசியானதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதலில் அகலம். சைக்கிளின் கைப்பிடி சுமார் 60 சென்டிமீட்டர். ஆனால் யாரும் கோடு போட்டதுபோல நேராக ஓட்டுவதில்லை. ஏறி மிதிக்கும்போது வண்டி இரண்டு பக்கமும் ஆடும், புத்தகப் பை தொங்கினால் இன்னும் ஆடும். ஓர் ஆளுக்கு 1 மீட்டர் வேண்டும். அதோடு, பக்கத்தில் சுவரோ கம்பமோ இருந்தால் யாருமே அரை மீட்டராவது தள்ளித்தான் ஓட்டுவார்கள். உங்கள் 1.5 மீட்டரில் ஒரு பக்கம் தடுப்புக் கம்பம், மறுபக்கம் மின்வாரியப் பெட்டி என்று வைத்துக்கொண்டால் ஓட்டுவதற்கு மிஞ்சுவது அரை மீட்டர். முன்னால் மெதுவாகப் போகும் தாத்தாவை உங்கள் மகள் தாண்டவே முடியாது, ரோட்டில்தான் இறங்குவாள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 11 என்ற வழிகாட்டியே குறைந்தது 2 மீட்டர் என்றுதான் சொல்கிறது.

"இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள். அறுபதடி என்பது 18 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் நடைபாதை தலா 1.8, சைக்கிள் பாதை தலா 2, ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி. இதற்கெல்லாம் சேர்த்து 8.6 மீட்டர். பஸ் போக, வர இரண்டு தடம் தலா 3.25 என்றால் 6.5. ரோட்டை 18 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாம் போக இன்னும் 2.9 மீட்டர் மிச்சம் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் மட்டும் கார் நிறுத்த இடம் கொடுக்கலாம். காரின் கதவைத் திறந்தால் சைக்கிள்காரர் மேல் படாமல் இருக்கவும் இடம் கிடைக்கும்.

ஆக, இடம் இல்லை என்பது உண்மையில் இரண்டு பக்கமும் கார் நிறுத்த இடம் இல்லை என்பதுதான். சங்கத்தில் உண்மையான சண்டை இங்கேதான் வரும், தயாராக இருங்கள்.

இதற்கு ஒத்துவரவில்லை என்றால் வேறொரு கோரிக்கை வைக்கலாம். குறுகலான பச்சைப் பட்டைக்குப் பதிலாக, ரோட்டின் வேகத்தையே 30 கிலோமீட்டருக்குக் குறைக்கச் சொல்லுங்கள். போர்டு வைத்தால் மட்டும் போதாது, தடத்தைக் குறுக்கி, ரோட்டை ஆங்காங்கே மேடாக உயர்த்திக் குறைக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் 2023 டிசம்பரிலிருந்து பெரும்பாலான தெருக்களில் 30 தான் உச்ச வேகம். வண்டிகள் மெதுவாகப் போகும் இடத்தில் சைக்கிளைக் கலந்து விடுவது, வேகமாகப் போகும் இடத்தில் பிரித்து விடுவது, இதுதான் நெதர்லாந்துக்காரர்களின் நடைமுறை. வேகத்தையும் குறைக்காமல் சரியாகப் பிரிக்கவும் செய்யாமல் கோடு மட்டும் போடுவதில் யாருக்கும் பயனில்லை.

சரி, பைக் பிரச்சினைக்கு வருவோம். பைக்கின் கைப்பிடி 70, 80 சென்டிமீட்டர்தான். அது நுழையாதபடி கம்பத்தை நெருக்கினால் சக்கர நாற்காலியும் நுழையாது, மீன்பாடி வண்டியும் நுழையாது, சைக்கிளே தட்டுத் தடுமாறும். பாதையின் வாயில் 1.2 மீட்டர் இடைவெளியில் கம்பம் வைத்தால் காரும் ஆட்டோவும் நிற்கும், பைக் நிற்காது. டெல்லியில் 2008-ல் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் வழியில் பஸ் தடத்தோடு சைக்கிள் பாதையும் போட்டார்கள். ரோட்டில் நெரிசல் என்றால் பைக்குகள் அதில்தான் ஏறின.

ஆனாலும் வடிவத்தில் கொஞ்சம் வேலை செய்யலாம். தனித்தனிக் கம்பமாக இருந்தால் எந்த இடத்திலும் புகுந்து, எந்த இடத்திலும் வெளியே வந்துவிடலாம். நெரிசலில் நிற்கும் பைக்காரருக்கு அதுதான் வசதி. தொடர்ச்சியான விளிம்புக் கல்லோடு பாதையை உயர்த்திவிட்டால் தெருமுனையில்தான் ஏற முடியும், அடுத்த தெருமுனையில்தான் இறங்க முடியும். பாதி ஆசை அங்கேயே போய்விடும். மீதிக்குப் போலீஸ்தான் வழி. சைக்கிள் பாதையில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்று சாலை விதிமுறைகளிலேயே இருக்கிறது. பாதைக்குள் வேகத்தடை போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் உடனே மறுத்துவிடுங்கள். பைக் அதைத் தாண்டிப் போய்விடும், விழுவது சைக்கிள்தான்.

உயரத்தை எப்படி வைப்பது? ரோட்டுக்கு மேலே சைக்கிள் பாதை, அதற்கும் கொஞ்சம் மேலே நடைபாதை என்று இரண்டு படியாக வைப்பது கோபன்ஹேகன் வழக்கம். நடைபாதைப் பக்கத்து விளிம்பு செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இருந்தால் பெடல் இடிக்காது.

இப்போது தெருமுனை. வரைபடத்தை மேசையில் விரித்ததும் நேராக இங்கே விரலை வையுங்கள். பச்சைப் பட்டை ஒவ்வொரு குறுக்குத் தெருவின் வாயிலும் அறுந்துபோய் மறுபடி தொடங்குகிறதா? அப்படியானால் பாதுகாப்பு வேண்டிய இடத்தில் பாதையே இல்லை என்று பொருள். நேராகப் போகும் சைக்கிளை, இடதுபுறம் திரும்பும் வண்டி குறுக்கே வெட்டுவதுதான் இந்த இடத்தின் ஆபத்து. மூலை பெரிய வளைவாக இருந்தால் கார் வேகம் குறையாமலே திரும்பிவிடும். வளைவின் ஆரத்தை 4 மீட்டர் அளவுக்குச் சுருக்கச் சொல்லுங்கள், பிரேக் பிடித்தே ஆக வேண்டும். அப்புறம், நடைபாதையும் சைக்கிள் பாதையும் அதே உயரத்தில் தெருவைக் கடக்க வேண்டும். தெருவுக்குள் போகும் வண்டி சின்னச் சாய்வில் ஏறி, அந்த மேடையைக் கடந்து இறங்கட்டும். இது இருந்தால் உங்கள் மகள் இறங்கி ஏற வேண்டியதில்லை, மழைநாளில் தெருமுனைத் தண்ணீரிலும் மிதிக்க வேண்டியதில்லை. முனைக்கு 10 மீட்டர் முன்பே கார் நிறுத்தம் முடிந்துவிட வேண்டும். நிற்கும் வேன் மறைத்தால் திரும்புகிறவர் கண்ணில் சைக்கிள் படாது.

பஸ் நிறுத்தம் இன்னொரு சிக்கல். நம் ஊரில் பஸ் ஓரத்துக்கு வராமல் நடு ரோட்டில் நிற்கிறது, ஜனம் இறங்கி வந்து ஏறுகிறது. கார் நிறுத்த ஒதுக்கிய அந்த 2.9 மீட்டரை, நிறுத்தம் வரும் இடத்தில் பயணிகள் நிற்கும் திண்ணையாக மாற்றச் சொல்லுங்கள். பஸ் தன் தடத்திலேயே நின்று ஆளை ஏற்றும், சைக்கிள் பாதை நிழற்குடையின் பின்பக்கமாகப் போகும். எதிர்ப்பக்கம் நிறுத்தம் வந்தால் அந்த 2.9-ஐ அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கார் நிறுத்தம் ரோடு முழுக்க ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரே பக்கத்தில் இருவழிப் பாதை போடலாமே என்பார்கள். குறைந்தது 3 மீட்டர் வேண்டும். குறுக்குத் தெரு அதிகம் உள்ள ரோட்டில் வேண்டாம். தெருவிலிருந்து வெளியே வருகிறவர் வலப்பக்கம்தான் பார்ப்பார், எதிர்த்திசையில் வரும் சைக்கிளை எதிர்பார்க்கவே மாட்டார்.

தரை விஷயத்தில் ஒரே வேண்டுகோள்: பேவர் பிளாக் வேண்டாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு தடவை கேபிளுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டிப் போட்டால் அப்புறம் அது சமமாகாது. தார் அல்லது கான்கிரீட் கேளுங்கள். பச்சைப் பெயின்டும் எல்லா இடத்திலும் வேண்டியதில்லை, மழையில் வழுக்கும். சொரசொரப்பான பூச்சாகத் தெருமுனைகளில் மட்டும் போட்டால் போதும்.

மழைநீர் வடிகாலைக் கவனியுங்கள். சைக்கிள் பாதை வரும் அதே ஓரத்தில்தான் வடிகாலும் அதன் மூடிகளும் இருக்கும். நீர் இறங்கும் இரும்புச் சல்லடையின் கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே நீளவாட்டில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கி ஆளைத் தூக்கிப் போடும். கம்பிகள் குறுக்குவாட்டில் இருக்க வேண்டும். விளிம்புக் கல்லின் பக்கவாட்டிலேயே துவாரம் வைத்துவிட்டால் சல்லடையே தேவையில்லை. ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் உயர்த்திய பாதை இரண்டே சுற்றில் ரோட்டு மட்டத்துக்கு வந்துவிடும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே உத்தரவிட்டிருக்கிறார். கடிதத்தில் அதையும் குறிப்பிடுங்கள்.

வெயிலில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள் என்ற கேள்வியும் வரும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஸ்பெயினின் செவில் நகரில் 2006-லிருந்து நாலைந்து வருடத்துக்குள் ஏறக்குறைய 120 கிலோமீட்டருக்குப் பாதை போட்டார்கள், பல இடங்களில் கார் நிறுத்தத்தை எடுத்துவிட்டு. துண்டு துண்டாக விடாமல் ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டதால் ஜனம் ஓட்டத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில் போகும் பிள்ளைகளும், காலை ஷிப்டுக்குப் போகும் வாட்ச்மேன்களும் உங்கள் ரோட்டிலேயே இருப்பார்கள். கூட்டத்துக்கு அவர்களில் இரண்டு பேரையாவது அழைத்துப் போங்கள்.

கடைசியாக, அந்த ரோடு மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி என்றால் புகாருக்கு 1913, நெடுஞ்சாலைத் துறை என்றால் 'நம்ம சாலை' செயலி. பாதையைத் தினமும் கூட்டுவது யார், ஒப்பந்ததாரரின் பழுது பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காலம் முடிவதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழையில், தண்ணீர் தேங்கும் இடங்களைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டியிருக்கும்.