இரண்டே பொடியில் டெவலப்பர்: ஷீட் ஃபிலிம் கேள்வி பதில்

கருப்பு வெள்ளை ஷீட் ஃபிலிமுக்கு (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) டெவலப்பரை, அதாவது எடுத்த படத்தை ஃபிலிமில் வெளிக்கொண்டுவரும் கரைசலை, வீட்டிலேயே கலப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அண்ணா, இதுவரை பாக்கெட் பொடிதான். சொந்தமாகக் கலக்க டி-76 ஃபார்முலா சரியா, பைரோகால் போட்ட பைரோ டெவலப்பரா?

இரண்டும் வேண்டாம், டி-23. மெட்டோல் (ஃபிலிமில் படத்தைக் கறுக்க வைக்கும் பொடி) 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டர், அவ்வளவுதான். டி-76 ஒன்றும் பெரிய வித்தையில்லை (மெட்டோல் 2, சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2), ஆனால் அது பாட்டிலில் இருக்க இருக்கக் காரத்தன்மை ஏறி, போன மாதம் சரியாக வந்த நேரத்துக்கு இந்த மாதம் நெகட்டிவ் அடர்த்தியாக வந்து நிற்கும். டி-23இல் ஹைட்ரோகுவினோனே இல்லாததால் அந்தத் தலைவலி குறைவு. பைரோகால் அழகான நெகட்டிவ் தரும், மறுக்கவில்லை. ஆனால் நச்சு, தோல் வழியாகவும் உள்ளே போகும். அதைப் பொடியாகக் கையாள்வது கற்றுக்கொள்கிறவர் வேலையில்லை.

மெட்டோல் கரையவே மாட்டேன் என்கிறது, வெள்ளைத் துகளாக மிதக்கிறது.

சல்ஃபைட்டை முதலில் கொட்டியிருப்பீர்கள். சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டோல் லேசில் கரையாது. 750 மில்லி தண்ணீரை 50 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, காற்றுப்பட்டு மெட்டோல் கெடாமலிருக்க ஒரு சிட்டிகை சல்ஃபைட் மட்டும் போட்டு, பிறகு மெட்டோல் முழுவதும் கரையும்வரை பொறுமையாகக் கலக்குங்கள், அப்புறம் மீதி சல்ஃபைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் குளிர்ந்த நீர் ஊற்றி 1 லிட்டராக்குங்கள். கலக்கலாம், அடித்து நுரைக்க விடக்கூடாது, காற்று உள்ளே போகும்.

சோடியம் சல்ஃபேட் இருக்கிறது, அது போதுமா சார்?

போதாது. சல்ஃபைட் வேறு, சல்ஃபேட் வேறு, பைசல்ஃபைட் வேறு. தயோசல்ஃபேட் என்றால் அது ஹைப்போ, டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸருக்குப் போவது. லேபிளை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். நீரற்றதா, நீர் சேர்ந்த படிகமா என்பதையும் பாருங்கள், படிக சல்ஃபைட் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வேண்டும்.

0.1 கிராம் காட்டும் தராசு போதுமா?

டி-23க்குத் தாராளம். சல்ஃபைட்டில் ஒரு கிராம் முன்பின் ஆனாலும் நெகட்டிவில் கண்டுபிடிக்க முடியாது. மெட்டோலுக்குப் பதில் ஃபெனிடோன் என்ற பொடி போடும் ஃபார்முலாக்களில் லிட்டருக்கு 0.2 கிராம் என்றெல்லாம் வரும், அங்கேதான் இந்தத் தராசு கைவிட்டுவிடும்.

ஒரு லிட்டரில் எத்தனை 4×5 ஷீட் கழுவலாம்? எவ்வளவு நேரம்?

நான்கு 4×5 ஷீட்டின் பரப்பு 80 சதுர அங்குலம், ஒரு 8×10 ஷீட்டும் அதேதான். அதற்கு 250 மில்லி, மேலும் தண்ணீர் சேர்க்காத டெவலப்பர் என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. நான் அதே அளவு தண்ணீர் சேர்த்து, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுகிறேன், ஒவ்வொரு முறையும் புதுசு என்பதால் முடிவு மாறாது. நேரத்துக்கு, உங்கள் ஃபிலிமுக்கு 20 டிகிரியில், அதே அளவு தண்ணீர் சேர்த்த டி-76க்குக் கொடுத்திருப்பதை வைத்து ஆரம்பியுங்கள். நெகட்டிவில் கான்ட்ராஸ்ட் குறைவாக வந்தால் கூட்டுங்கள், நிழலில் விவரமே இல்லையென்றால் அது டெவலப்பர் குற்றமில்லை, எக்ஸ்போஷர் குறைவு.

ட்ரேயில் கழுவினால் கீறலும் திட்டுத்திட்டாகவும் வருகிறது.

ஃபார்முலாவைப் பற்றி நூறு பேர் கேட்பார்கள், இதைக் கேட்பவர் கொஞ்சம்தான், ஆனால் ஷீட் ஃபிலிம் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் வெறும் தண்ணீரில் ஒவ்வொன்றாக ஊறவிடுங்கள். உலர்ந்த ஷீட்டை ஈர ஷீட்டின் மேல் வைத்தால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். எமல்ஷன், அதாவது படம் பதியும் ஜெலட்டின் பூச்சு, மேல்பக்கம் இருக்க வேண்டும். ஷீட்டைச் செங்குத்தாகப் பிடித்து, ஓரத்தில் வெட்டியிருக்கும் சின்னப் பள்ளம் வலது மேல்மூலையில் வந்தால் எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது, இருட்டில் விரலே அதைச் சொல்லிவிடும். டெவலப்பரில் அடியிலிருப்பதை உருவி மேலே வைத்து, தட்டையாக அமுக்குங்கள், மூலை அடுத்த ஷீட்டில் குத்தக்கூடாது. ஆறு ஷீட் என்றால் ஐந்து நொடிக்கு ஒன்று, அரை நிமிடத்தில் ஒரு சுற்று. கையுறை அவசியம், மெட்டோல் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் வரவைக்கும்.

வெயில் காட்சிகளில் வானம் நெகட்டிவில் விவரமே இல்லாமல் கறுத்து அப்படியே அடைத்துக்கொள்கிறது. வழி உண்டா?

உண்டு, இரண்டு ட்ரே முறை. டி-23இல் நேரத்தைக் குறைத்துக் கழுவி, நடுவில் தண்ணீரில் அலசாமல் அப்படியே லிட்டருக்கு 10 கிராம் போராக்ஸ் கரைத்த நீரில் மூன்று நிமிடம் வையுங்கள். ஜெலட்டின் உறிஞ்சிவைத்த டெவலப்பர் வெளிச்சப் பகுதிகளில் சட்டென்று தீர்ந்துபோகும், நிழலில் தீராமல் வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டாவது ட்ரேயில் அதிகம் அசைக்காதீர்கள், அசைத்தால் இந்த வித்தியாசமே போய்விடும்.

காபித்தூள் டெவலப்பர் நிஜமா?

நிஜம்தான். இன்ஸ்டன்ட் காபி, சலவை சோடா, வைட்டமின் சி, மூன்றும் சேர்ந்தால் படம் வரும். விளையாட்டுக்குச் செய்யுங்கள். முக்கியமான ஷீட்டை அதில் போட எனக்கு மனசு வராது, காபிக்குக் காபி மாறும், நாற்றமும் சொல்லி மாளாது.

கலந்தது பழுப்பாகிவிட்டது, கொட்டிவிடவா?

கொட்டிவிடுங்கள். லேசான மஞ்சள் என்றால் வெளிச்சத்தில் கெட்டுப்போன ஷீட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி உள்ளே போடுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் நன்றாகக் கறுத்தால் உயிர் இருக்கிறது. கழுத்துவரை நிரப்பி மூடிய பாட்டிலில் சில மாதம் தாங்கும், பாதி காலியான பாட்டிலில் அவ்வளவு தாங்காது, அதனால் சின்னப் பாட்டில்களில் பிரித்து வையுங்கள், தேதியும் எழுதி ஒட்டுங்கள்.