நடுவில் வைத்தால் இரண்டாம் அதிர்வெண் தெரியாது

நடைபாலத்தின் நட்டநடுவில் முடுக்கமானியை (அசைவின் முடுக்கத்தை அளக்கும் கருவி) வைத்து 20 விநாடி பதிவு செய்தும், பாலம் இயல்பாக அதிரும் அதிர்வெண்களில் இரண்டாவது தெரியவில்லை என்கிறீர்கள். கருவியைக் குறை சொல்லாதீர்கள், பாவம். இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட சீரான பாலத்தின் இரண்டாம் செங்குத்து அதிர்வில் ஒரு பாதி மேலேறும்போது மறுபாதி இறங்கும்; நடுப்புள்ளி அசையாது. கருவியைப் பாலத்தின் கால்பங்கு நீளத்துக்கு நகர்த்துங்கள்.

பதிவு நேரமும் போதாது. 20 விநாடிப் பதிவின் அதிர்வெண் வரைபடத்தில் 0.05 ஹெர்ட்ஸை விட நெருங்கிய உச்சிகளைப் பிரித்தறிய முடியாது. 15 நிமிடமாவது பதியுங்கள். காற்றும் நடப்பவர்களும் தரும் அசைவே பெரும்பாலும் போதும்.

பக்கவாட்டு அசைவையும் அளந்துவிடுங்கள். லண்டன் மில்லேனியம் பாலம் 2000 ஜூனில் திறந்த இரண்டே நாளில் மூடப்பட்டது அந்த ஆட்டத்தால்தான்.