சர்வர் அறைக்குக் கைரேகைப் பூட்டும் கேமராவும் போதுமா?

அலுவலகத்துக்குள் ஒரு சின்ன சர்வர் அறை. கைரேகைப் பூட்டும் இரண்டு கேமராவும் போட்டால் போதுமா, இல்லை இன்னும் விலை கூடிய பூட்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டு, கேமரா மாட்டுவதுதான் என் தொழில். பூட்டுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கிப் பாருங்கள். வாடகைக் கட்டடங்களில் ஜிப்சம் தடுப்பு பல நேரம் சீலிங்கோடு நின்றுவிடும், கான்கிரீட் வரை போகாது. பக்கத்து அறையில் மேசை மேல் ஏறினால் உள்ளே இறங்கிவிடலாம். முதல் செலவு அந்த இடைவெளியை அடைக்கத்தான்.

அப்புறம் பூட்டு. கைரேகை மெஷின் கதவுக்கு வெளியே இருக்கும். மலிவான மாடல்களில் பூட்டைத் திறக்கும் ரிலேவும் (மின் ஸ்விட்ச்) அதே பெட்டிக்குள்தான். மெஷினைச் சுவரிலிருந்து கழற்றினால் பூட்டுக்குப் போகும் ஒயர் கையில் வந்துவிடும். கைரேகை தேவையே இல்லை. வெளியே கைரேகையைப் படிக்கும் ரீடர் மட்டும், பூட்டைத் திறக்கும் கன்ட்ரோலர் அறைக்குள் என்று கேட்டு வாங்குங்கள்.

பரவலாகப் போடும் ஈஎம் லாக் (மின்காந்தப் பூட்டு) 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும். ஆனால் கரண்ட் போனால் திறந்துகொள்ளும். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியே ஓடி வர வேண்டுமே, அதனால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். அலாரம் அடித்ததும் தானே திறக்கும்படி ஃபயர் அலாரத்தோடும் அதை இணைத்துவிடுங்கள். இதில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாதாரண மின்தடைக்கு 12 வோல்ட் பேட்டரி வைத்த பவர் சப்ளை போதும். கூடவே, வெளியே சாவி, உள்ளே கைப்பிடியைத் திருகினாலே திறக்கும் பூட்டு ஒன்றும் இருக்கட்டும்.

கார்டு வைப்பதாக இருந்தால் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் வகை வேண்டாம், நகல் எடுப்பது சுலபம். மைஃபேர் கிளாசிக் என்ற கார்டின் குறியாக்கமும் 2008-லேயே உடைந்துவிட்டது. டெஸ்ஃபயர் கார்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேமராவுக்கு இரண்டு போதும்: நுழைபவர் முகம் தெரிய உள்ளிருந்து கதவைப் பார்த்து ஒன்று, ரேக்கைப் பார்த்து ஒன்று. ஆனால் பதிவுப் பெட்டியை அதே அறையில் வைத்தால் திருட வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். வேறு அறையில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு பிரதியாவது வெளியே போகட்டும்.

வேலையை விட்டுப் போகிறவரின் கைரேகையை அன்றே நீக்கும் பொறுப்பை ஹெச்ஆரில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை பட்டியலை அச்செடுத்து, இப்போது இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.