கால் பயிற்சி: ஸ்குவாட் போட்டும் தொடை வளரவில்லையா?

கால் தசையை வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, ஒன்றரை வருடமாக ஸ்குவாட் (தோளில் பளுவை வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) விட்டதே இல்லை. 60 கிலோவில் ஆரம்பித்து 110 வரை வந்துவிட்டேன். முன்தொடை நன்றாக இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்தொடை மட்டும் தட்டை. ஏன்?

தம்பி, உங்கள் உழைப்பில் குறை இல்லை. ஸ்குவாட்டில் பின்தொடைக்குப் பெரிதாக வேலை கிடையாது, அவ்வளவுதான். பின்தொடைத் தசைகளில் பெரும்பாலானவை இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளையும் தாண்டிப் போகின்றன. கீழே உட்காரும்போது இடுப்புப் பக்கம் தசை நீள்கிறது, அதே நேரத்தில் முழங்கால் பக்கம் சுருங்குகிறது. ஆக, மொத்த நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எடை தாங்கியபடி நன்றாக இழுபட்டால் தசை கூடுதலாக வளரும். அந்த இழுப்பு இங்கே கிடைப்பதில்லை.

இரண்டு பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று ரொமேனியன் டெட்லிஃப்ட்: பளுவைக் கையில் பிடித்து, முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, பின்தொடை இழுபடும் வரை மெதுவாக இறங்க வேண்டும். முதுகு வளைய ஆரம்பித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். இன்னொன்று லெக் கர்ல், அதாவது மெஷினில் எடைக்கு எதிராக முழங்காலை மடக்குவது. ஜிம்மில் உட்கார்ந்து செய்யும் மெஷின், படுத்துச் செய்யும் மெஷின் இரண்டும் இருந்தால் உட்கார்ந்து செய்வதையே எடுங்கள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆளின் ஒரு காலுக்கு உட்கார்ந்தும் மறு காலுக்குப் படுத்தும் 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். உட்கார்ந்து செய்த காலில் பின்தொடை சுமார் 14 சதவீதம் வளர்ந்தது, மற்றதில் 9 சதவீதம். உட்கார்ந்திருக்கும்போது இடுப்பு மடங்கியிருப்பதால் தசை ஏற்கெனவே நீண்டிருக்கிறது. வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான்.

கேள்வி: ஸ்குவாட்டில் முழங்கால் கால் விரலைத் தாண்டக் கூடாது என்கிறார்களே?

மூட்டு நலமாக இருப்பவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். முழங்காலை வலுக்கட்டாயமாகப் பின்னால் நிறுத்தினால் உடல் முன்னால் சாயும், சுமை அதிகமாக இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகும். முன்தொடை வளர வேண்டுமென்றால் முழங்கால் முன்னால் வரத்தான் வேண்டும். கணுக்கால் இறுக்கமாக இருந்து குதிகால் எழும்பினால், குதிகாலுக்கு அடியில் சிறிய வெயிட் பிளேட் வைத்துப் பாருங்கள். வெயிட்டைக் குறைத்தாலும் பரவாயில்லை, ஆழமாக இறங்குங்கள். முழு ஆழத்தில் பிட்டமும் உள்தொடையும் கூடுதலாக வளரும்.

கேள்வி: ஸ்குவாட்டும் லெக் பிரஸ்ஸும் (மெஷினில் பளுவைக் காலால் தள்ளுவது) செய்கிறேன். லெக் எக்ஸ்டென்ஷன் (உட்கார்ந்து எடைக்கு எதிராக முழங்காலை நீட்டுவது) தேவையா?

தேவை. முன்தொடையின் நான்கு தசைகளில் நடுவில் ஓடும் ஒன்று மட்டும் இடுப்பையும் தாண்டுகிறது. ஸ்குவாட்டில் அது சரியாக வளராது. லெக் எக்ஸ்டென்ஷன்தான் அதற்கு வழி. சற்றுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து செய்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ஆடுசதை எவ்வளவு செய்தாலும் வளரவில்லை. பரம்பரையா?

பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆடுசதை சதைப்பற்றாக இருப்பதும், மேலே ஏறி நிற்பதும் பிறப்பிலேயே வருவது. ஆனால் ஜிம்மில் நான் பார்க்கும் பெரும்பாலானோர் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியில் மேலும் கீழும் துள்ளுகிறார்கள். அப்படித் துள்ளினால் குதிகால் தசைநாண்தான் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், தசைக்குப் பாதி வேலைகூடக் கிடைக்காது. குதிகாலை முழுக்க இறக்கி, ஒன்றிரண்டு நொடி அங்கேயே நின்று, பிறகு எழும்புங்கள். பாதி வெயிட்டிலேயே எரியும். நின்றபடி, முழங்காலை நீட்டிச் செய்வதுதான் முக்கியம். உட்கார்ந்து செய்தால் வெளியே தெரியும் பெரிய தசை தளர்ந்துவிடுகிறது. மேலே எழும்ப முடியாமல் போன பிறகு, கீழ்ப்பாதியில் மட்டும் இன்னும் சில ரெப் (ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு ரெப்) எடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள்கூடச் செய்யலாம்.

கேள்வி: எத்தனை செட், எத்தனை ரெப்?

முன்தொடைக்கும் பின்தொடைக்கும் தனித்தனியாக, வாரத்துக்குப் பத்து செட்டிலிருந்து தொடங்குங்கள் (ஓய்வு எடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட்). அதை ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளாகப் பிரியுங்கள். 6 முதல் 15 ரெப் பெரும்பாலானோருக்கு வசதி. இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் வரும் என்ற நிலையில் செட் முடிய வேண்டும். பெரிய பயிற்சிகளுக்கு இடையில் மூன்று நிமிடம் ஓய்வு எடுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த செட்டுக்குப் போனால் தசை களைக்கும் முன் மூச்சு தோற்றுவிடும்.

கேள்வி: கால் பயிற்சி செய்தால் மூன்று நாள் படியேற முடிவதில்லை. வளர்கிறது என்று அர்த்தமா?

இல்லை. புதிய பயிற்சிக்கும் இடைவெளி விட்டுத் திரும்புவதற்கும் வலி வரும், சில வாரங்களில் குறைந்துவிடும். வளர்ச்சி தெரிய வேண்டுமென்றால் ஒரு நோட்டில் வெயிட்டையும் ரெப்பையும் எழுதிவையுங்கள், மாதம் ஒருமுறை தொடையை டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கால் கடுமையாக வீங்கி, சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது சாதாரண வலி கிடையாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.