போலந்து குண்டுவீச்சு விமானிகள் விமானம் நொறுங்கித் தரையிறங்கியும் எப்படிப் பிழைத்தார்கள்?

சக்கரங்களை இறக்காமல், விமானத்தின் அடிவயிற்றால் தரையில் சறுக்கி நிற்பதைத்தான் 'பெல்லி லேண்டிங்' என்பார்கள். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-ல் நாடு வீழ்ந்தபின் பிரிட்டனுக்குத் தப்பி வந்த போலந்து விமானிகளைக் கொண்டு, 1940-ல் 300, 301, 304, 305 என நான்கு குண்டுவீச்சுப் படைப்பிரிவுகள் அமைந்தன. அவர்களில் பலர் ஓட்டியது வெலிங்டன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். ஜெர்மனிக்கு மேலே அடிவாங்கி, இன்ஜின் செத்துத் திரும்பும்போது ஓடுபாதை எட்டாவிட்டால் வயல்வெளியில் பெல்லி லேண்டிங்தான் கதி.

உயிரைக் காப்பது, நிற்பதற்குக் கிடைக்கும் தூரம். சுவரில் மோதினால் மொத்த வேகமும் ஒரே கணத்தில் உடம்பில் இறங்கும். நூறு மீட்டர் சறுக்கினால் அதே வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சக்கரத்தை இறக்கினால் என்ன? மணலில் வேகமாகச் சைக்கிள் விட்டவர்களைக் கேளுங்கள்: முன்சக்கரம் புதைந்ததும் ஆள் தலைகுப்புற!

வெலிங்டனின் உடல்கூடும் கைகொடுத்தது. பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அந்தக் கூடு, அலுமினியக் கலவைப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே துணி போர்த்தியது. மூங்கில் கூடை மாதிரிதான். நாலு பிளாச்சு அறுந்தாலும் கூடை கூடையாகவே இருக்கும். என்ன, துணி சட்டென்று தீப்பிடிக்கும். நின்றதும் ஓடிவிட வேண்டும்.

"பாராசூட்டில் குதித்திருக்கலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். மிகத் தாழப் பறக்கும்போது பாராசூட் விரியவே நேரம் இருக்காது, காயம்பட்ட சக வீரர் உள்ளே கிடந்தால் விமானிக்குக் குதிக்க மனமும் வராது.