சொந்தமாகக் கம்பைல் செய்த லினக்ஸ் கெர்னல் ஏன் பூட் ஆகவில்லை?

புதிய கெர்னலைக் கம்பைல் செய்து (மூல நிரலிலிருந்து இயங்கும் கோப்பாக மாற்றி) கணினியைத் திரும்ப ஏற்றினால், கறுப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்', ரூட் கோப்பு முறைமையை (கணினி இயங்கத் தேவையான கோப்புகள் உள்ள வட்டுப் பகுதியை) ஏற்ற முடியவில்லை என்று வந்து நின்றுவிடுகிறது. பலருக்கும் முதல் முறை இதுதான் நடக்கும்.

கெர்னல் என்பது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் மென்பொருள். எழுந்ததும் அது வட்டைத் திறந்தாக வேண்டும். அதற்கு டிரைவர், அதாவது அந்த வட்டைக் கையாளத் தெரிந்த சிறு நிரல், வேண்டும். கம்பைல் செய்யும் முன் அமைப்புகளில் அந்த டிரைவருக்கு 'எம்' (மாட்யூல், அதாவது தனித் துண்டு) என்று குறித்திருந்தால், அது தனிக் கோப்பாக அதே வட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். வீவக வீட்டில் (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீட்டில்) சாவியை உள்ளே காலணி அலமாரி மேல் வைத்துவிட்டு இரும்புக் கதவை இழுத்துச் சாத்தின மாதிரி. கம்பி வழியே சாவி தெரிகிறது, கைக்கு எட்டவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்த மாற்றுச் சாவிதான் இனிட்ராம்எஃப்எஸ்: தேவையான டிரைவர்களோடு கெர்னலுடன் சேர்ந்தே நினைவகத்தில் ஏறும் சிறு தொகுப்பு.

சரி, என்ன செய்வது? கணினி எழும்போது எந்தக் கெர்னல் வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போங்கள். மாட்யூல்களை நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்குங்கள். இல்லையென்றால் வட்டு, கோப்பு முறைமை இரண்டின் டிரைவருக்கும் 'ஒய்' (கெர்னலுக்குள்ளேயே சேர்) என்று குறித்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். பிழைச் செய்தியின் கடைசியில் (0,0) இருந்தால் பெரும்பாலும் கெர்னல் வட்டையே பார்க்கவில்லை. வேறு எண் இருந்தால் முதலில் கோப்பு முறைமையின் டிரைவரைச் சந்தேகப்படுங்கள்.

வட்டு கெட்டுவிட்டது என்று பயந்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பழைய கெர்னல் அதே வட்டிலிருந்து எழுகிறது என்றால் உங்கள் கோப்புகள் பத்திரமாகவே இருக்கின்றன.