ரத்தம் தெரிந்தாலே காசு

இரண்டு மாதமாக ஆப்பிரிக்கப் புதர்க்காட்டு வேட்டை பற்றிக் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. யானை, சிங்க வேட்டை அல்ல. கூடூ, இம்பாலா, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட் போன்ற மறிமான்கள், வரிக்குதிரை, வார்த்தாக் என்னும் காட்டுப்பன்றி ஆகியவற்றை வழிகாட்டியோடு போய் வேட்டையாடுவது. அங்கே இதற்கு 'பிளெயின்ஸ் கேம்' என்று பெயர். வேட்டையே தவறு என்று எழுதிய வாசகர்களும் உண்டு; அவர்கள் கருத்தை மதிக்கிறேன். போவதென்று முடிவு செய்துவிட்டவர்கள் ஏமாறக் கூடாது, விலங்கும் வீணாக வதைபடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி: அடுத்த ஜூலையில் நண்பர்களோடு தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்துக்குப் போகிறேன். ஒரு நிறுவனம் ஏழு நாள், கூடூ, வில்டபீஸ்ட், இம்பாலா, வார்த்தாக் எல்லாம் சேர்த்து 4,900 டாலர் பேக்கேஜ் என்கிறது. இன்னொன்று நாளுக்கு 375 டாலர், அதற்கு மேல் கூடூவுக்கு 1,900, வில்டபீஸ்டுக்கு 950, இம்பாலாவுக்கு 400, வார்த்தாக்குக்கு 350 என்கிறது. பேக்கேஜ்தானே லாபம்? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டாவது நிறுவனத்தில் ஏழு நாளுக்கு 2,625, நான்கு விலங்குக்கு 3,600. மொத்தம் 6,225 டாலர். பேக்கேஜ் 1,325 குறைவு. ஆனால் கூடூ கிடைக்காமல் போனால்? இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் தருவது 4,325தான். பேக்கேஜில் அப்போதும் 4,900. கூடூவை அங்கே 'சாம்பல் பேய்' என்று சொல்வது சும்மா இல்லை. முள்மரங்களுக்கு நடுவே அசையாமல் நின்றால் இருபது மீட்டரிலும் தெரியாது. ஏழு நாளில் கூடூ இல்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு. அதனால் பேக்கேஜ்காரரிடம் கேளுங்கள்: கிடைக்காத விலங்குக்குப் பணம் திரும்ப வருமா, அல்லது வேறு விலங்காக மாற்றித் தருவீர்களா? இரண்டும் இல்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

கொம்பின் அளவையும் கேளுங்கள். வேட்டையாடிய விலங்குகளின் கொம்பளவைப் பதியும் ரோலண்ட் வார்டு பதிவேட்டில் கூடூ இடம்பெற 53 7/8 அங்குலக் கொம்பு வேண்டும். சில பேக்கேஜ்களில் கூடூவின் கொம்பு இத்தனை அங்குலம் வரைதான் என்று வரம்பு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் தனிக்காசு.

அப்புறம் பட்டியலில் இல்லாத செலவுகள். 15 சதவீத வாட் வரி சேர்ந்த விலையா, ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து பண்ணைக்கு வண்டி யார் செலவு, துப்பாக்கி வாடகை எவ்வளவு, சுடாமல் கூட வரும் மனைவிக்கு நாளுக்கு எவ்வளவு. இதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள்.

சொந்தத் துப்பாக்கி கொண்டுபோவதானால், தென்னாப்பிரிக்கக் காவல் துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பிவிட்டு, கையெழுத்தை மட்டும் விமான நிலையத்தில் காவலர் முன்னால் போடுங்கள். முன்னதாகவே போட்டுவிட்டால் சிக்கல்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டவர் தனியாக வேட்டையாட முடியாது. உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணத்தை நடத்துபவர்) ஏற்பாடு செய்ய வேண்டும், உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் (எல்லோரும் 'பி.எச்.' என்றே சொல்வார்கள்) கூடவே இருக்க வேண்டும். இந்த உரிமங்களைத் தருவது மாகாண அரசு. வேறு மாகாண உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு லிம்போப்போவில் உங்களை அழைத்துப் போக முடியாது. உரிம எண்ணையும் உங்களோடு வரப்போகிற பி.எச்.சின் பெயரையும் கேட்டு வாங்கி, மாகாண வனவிலங்கு அலுவலகத்தில் சரிபாருங்கள். பெயரைச் சொல்லத் தயங்குகிற இடத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: 'காயம்பட்டுக் கிடைக்காமல் போகும் விலங்குக்கும் முழுக் கட்டணம்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கைக்கு வராத பொருளுக்குக் காசா? இது நியாயமா? (வாசகர், டொரான்டோ)

பதில்: நியாயம்தான். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலே அந்த விலங்கு உங்கள் கணக்கில் ஏறும் என்பது ஆப்பிரிக்கா முழுவதும் இருக்கிற வழக்கம். அந்த விலங்கு பிழைக்கலாம், சாகலாம். பண்ணைக்காரருக்கு அது நஷ்டம். இந்த விதி இருப்பதால்தான் கண்டபடி தூரத்திலிருந்து சுடாமல் கொஞ்சம் பொறுக்கிறோம். ஆனால் இந்த விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

என் முதல் பயணம். மூன்றாம் நாள் காலை, மூன்று கால் தாங்கி மேல் துப்பாக்கியை வைத்து ஒரு வில்டபீஸ்டைச் சுட்டேன். தோளுக்குப் பின்னால் பட்டது. அது குதித்து, கூட்டத்தோடு ஓடிவிட்டது. தடம் பார்ப்பவர் ரத்தத்தைக் காட்டினார். ஒரு மணி நேரம் போல நடந்தோம். ரத்தம் குறைந்தது. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மதியத்துக்கு மேல் ஜெம்ஸ்பாக் பார்க்கலாம், இது போய்விட்டது" என்றார். தடம் பார்ப்பவர் இன்னும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. புது இடம், அவருக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். கட்டணத்தைக் கட்டினேன். அந்த விலங்கு எங்கே போய் எப்படிச் செத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது இன்னும் உறுத்துகிறது.

யோசித்துப் பாருங்கள். விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு அதே பணம். தேடினால் பாதி நாள் போகும். தேடாவிட்டால், அந்தப் பாதி நாளில் நீங்கள் இன்னொன்றைச் சுடுவீர்கள், இன்னொரு கட்டணம் வரும். நல்ல பி.எச். இப்படிக் கணக்குப் பார்க்க மாட்டார். இருட்டும் வரை தேடி, மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவார். அப்படிப்பட்டவர்களோடு பிறகு நான் நடந்திருக்கிறேன். ஆனால் உங்களுக்குக் கிடைக்கப் போகிறவர் எப்படிப்பட்டவர் என்பது முன்பணம் கட்டும்போது தெரியாது.

அதனால் "கட்ட வேண்டுமா" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு நேரம் தேடுவீர்கள்" என்று கேளுங்கள். காயம்பட்ட விலங்கை அன்று இருட்டும் வரையும் மறுநாளும் தேடுவோம், அதுவரை வேறு விலங்கைச் சுட அழைத்துப் போக மாட்டோம் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்தத் தடம் பிடிக்கிற நாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் ஜாக் ரஸ்ஸல் வகைக் குட்டை நாய்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். மனிதக் கண்ணுக்குத் தடம் முடிந்த இடத்திலிருந்து அவை தொடங்கும்.

மறுபாதிப் பொறுப்பு நம்முடையது. வட அமெரிக்க மானுக்குத் தோளுக்குப் பின்னால் குறி வைத்துப் பழகிய கை, ஆப்பிரிக்காவில் தப்பு செய்யும். அங்குள்ள மறிமான்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் தாழ்வாக இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் கோட்டிலேயே மேலே போய், உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். நான் சுட்டது ஒரு சாண் பின்னால். வில்டபீஸ்டை 'ஏழையின் எருமை' என்பார்கள். குறி பிசகினால் நாளெல்லாம் ஓடும். கிளம்புவதற்கு முன் மேசையில் சாய்ந்து பழகாமல், மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியை வைத்து நின்றபடி சுட்டுப் பழகுங்கள்.

கேள்வி: வேலி போட்ட பண்ணையில் சுடுவது வேட்டையே இல்லை என்கிறார்கள். நமீபியா போவது மேலா? (வாசகர், மெல்பர்ன்)

பதில்: வேலி இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முறையாக வேலியிட்ட நிலத்திலுள்ள காட்டு விலங்குக்கு நில உரிமையாளரே சொந்தக்காரர் என்று ஆக்கியது. மாடு மேய்ந்த எத்தனையோ பண்ணைகளில் மான் திரும்பியது அதற்கப்புறம்தான். பல ஆயிரம் ஹெக்டேர் பண்ணையில் நாள் முழுக்க நடந்தும் வேலியைப் பார்க்காமல் இருக்கலாம். சிறிய இடத்தில், ஏலத்தில் வாங்கி நீங்கள் வருவதற்கு முந்தைய வாரம் இறக்கிவிட்ட விலங்கைச் சுடுவதும் நடக்கிறது. கேட்க வேண்டியது இதுதான்: நான் வேட்டையாடும் பகுதி எத்தனை ஹெக்டேர்? இந்த விலங்கு இங்கேயே பிறந்ததா, வாங்கி விட்டதா? 'கோல்டன் வில்டபீஸ்ட்', 'கறுப்பு இம்பாலா' என்று நிறம் சொல்லி விலை ஏற்றினால், அது நிறத்துக்காகவே வளர்த்தெடுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

நமீபியாவில் எனக்குப் பிடித்தது சமூகக் காப்பகங்கள். 1996-இல் வந்த சட்டத் திருத்தத்தால், அந்தந்த ஊர் மக்களுக்கே தங்கள் நிலத்து விலங்கிலிருந்து வருமானம் பெறும் உரிமை கிடைத்தது. பெரும்பாலும் வேலி கிடையாது. இறைச்சி ஊருக்குள் பங்கிடப்படும். டிராஃபி வேட்டைக்கு (கொம்பு, தோலை நினைவுப் பொருளாக எடுத்துப் போகும் வேட்டை) பருவம் பிப்ரவரி முதல் நவம்பர் வரை. தோட்டாவின் ஆற்றலுக்கும் சட்டம் உண்டு: கூடூ, ஜெம்ஸ்பாக் போன்ற பெரியவற்றுக்குக் குறைந்தது 2,700 ஜூல். .30-06 வகைத் தோட்டா தாராளமாகப் போதும். அங்கே 'வேட்டை வழிகாட்டி' உரிமம் என்பது பி.எச். உரிமத்தைவிடக் கீழ்ப்படி. அவர் தனக்குப் பதிவான பண்ணையில்தான் வேட்டை நடத்தலாம். 'நான்கு பண்ணைகளுக்கு அழைத்துப் போகிறேன்' என்று அவர் சொன்னால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கொம்பும் தோலும் வீடு வந்து சேர எவ்வளவு ஆகும்? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: மூன்று பில் வரும். உப்பிட்டு, மருந்தில் முக்கி, பெட்டியில் அடைக்கும் செலவு, சரக்குக் கட்டணம், உங்கள் ஊரில் சுங்க முகவர் கூலி. மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பீடு வாங்குங்கள். சிறிய இம்பாலா ஒன்றுக்காகப் பெட்டி அனுப்பினால், அதைச் சுட்ட காசைவிட அனுப்பும் காசு கூடிவிடும். பதப்படுத்தாத வார்த்தாக் போன்றவை அமெரிக்காவில் வேளாண் துறை அங்கீகரித்த இடத்துக்குத்தான் போக முடியும். வேட்டை முடிந்ததும் பி.எச். ஒரு பதிவேட்டில் கையெழுத்து கேட்பார். சுட்டது, காயப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். அதன் நகல் இல்லாமல் பண்ணையை விட்டுக் கிளம்பாதீர்கள். ஏற்றுமதிக்கு அது வேண்டும். இறைச்சி பண்ணைக்குத்தான்.

கேள்வி: மச்சான் குளிர்காலத்தில் பில்டாங் (உலர்த்திய இறைச்சி) போட இம்பாலா சுட ஸூலுலாந்துப் பண்ணைக்குக் கூப்பிடுகிறார். என்னிடம் துப்பாக்கி இல்லை. (வாசகர், டர்பன்)

பதில்: மச்சானின் துப்பாக்கியை நீங்கள் பயன்படுத்தலாம், ஆனால் அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதை உங்களிடம் கொடுத்துவிட்டு அவர் வேறு பக்கம் போவது குற்றம். நில உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். இறைச்சியை வண்டியில் கொண்டு வரும்போது வழியில் கேட்பார்கள்.

விலை கிலோ கணக்கிலா, உருப்படி கணக்கிலா என்று முதலில் கேளுங்கள். கிலோ என்றால், குடல் மட்டும் எடுத்து எடை போடுவார்களா, தலை, குளம்பு, தோல் நீக்கியா என்பதில் பெரிய வித்தியாசம் வரும். அறுப்புக் கூலி, குளிர் அறை வாடகை தனி. உங்களுக்குக் கறிதான் வேண்டும் என்றால் பெட்டையைக் கேளுங்கள்; கொம்பு உள்ள கிடாவைவிட விலை குறைவு.